எங்கட வீட்டு நீலக் குதிரை

கல்லடியில் எங்கட வீட்டு விறாந்தையில் ஒரு நீலக் குதிரை படுத்துக் கிடக்கிறது. தண்ணி பிடித்து வைக்கிற பிளாஸ்டிக் பரல்தான். மேலே மாமியின் பழைய கம்பளி, உருண்டு ஓடாமல் இரண்டு பக்கமும் மணல் போட்ட உரப்பை. அது வந்த கதையைக் கேட்டு இரண்டு மூன்று தாய்மார் எழுதியிருந்தீர்கள்.

மகனுக்கு 7 வயது. குறைமாதப் பிள்ளை, மூளைவாதம் (செரிபிரல் போல்சி). கை நல்லம், வாய் அதைவிட நல்லம். கால்தான் பிரச்சினை. பிடித்து நிற்க வைத்தால் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். தொடையின் உள்பக்கத் தசை அவ்வளவு இறுக்கம். இரவில் எண்ணெய் தடவி அந்தக் காலை விரிப்பது எங்கள் இருவருக்கும் நாளாந்தச் சண்டை. "பச்சப்புள்ளய என்னகா செய்யிறாய்?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு மேலால் கேட்காத நாள் குறைவு.

போன சித்திரை விடுமுறைக்கு நுவரெலியா போனோம். செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பினால் மகாஓயா, பிபிலை, பதுளை என்று ஒரே ரோட்டுத்தான். பிள்ளை இரண்டு தரம் சத்தி எடுத்தான். கிரகறி வாவிக்கரையில் மட்டக்குதிரைகளைக் கண்டதும் சத்தியெல்லாம் மறந்துபோயிற்று. நான் வேண்டாம் என்று வாய் திறக்கமுதல் இவர் தூக்கி வைத்துவிட்டார். குதிரைக்காரர் கயிற்றைப் பிடிக்க, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இவர், ஆளுக்கொரு தொடையை அமத்திக்கொண்டு நடந்தோம். முதலில் பிள்ளை பலகை மாதிரி விறைத்துக் கிடந்தான். கொஞ்சத் தூரம் போக, என் உள்ளங்கைக்குள் அந்தத் தசை இளகுகிறது. ஏழு வருசமாக நான் பிடிக்கிற தசை, எனக்குத் தெரியாதா? அழவில்லை, கத்தவில்லை, குதிரையின் வயிற்றுக்குக் குறுக்கே கால் தானாக விரிந்து கிடக்கிறது.

இறக்கி நிறுத்தியபோது இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ரொட்டி தின்று முடிக்கமுதல் பழையபடி பின்னிக்கொண்டது. அது வேறு கதை.

வந்ததும் வராததுமாக பிசியோ மிஸ்ஸிடம் ஓடினேன். அவ சந்தோசப்படவில்லை. "ஹெல்மெட் போட்டீங்களா? இடுப்பு எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா ஏத்தினீங்க?" என்று கேட்டா. இப்படி இறுகின தசை தொடையெலும்பை இடுப்புக் கிண்ணத்திலிருந்து மெல்ல மெல்ல வெளியே இழுக்குமாம். இடுப்பு விலகியிருந்தால் குதிரை மருந்தில்லை, ஆபத்து. நிற்காத வலிப்பு இருந்தாலும், முதுகெலும்பு மோசமாக வளைந்திருந்தாலும் அப்படித்தான். எனக்கு வியர்த்துவிட்டது.

பிறகு என் கையை என் இடுப்பிலேயே வைத்து நடக்கச் சொன்னா. முன்னும் பின்னும், இடமும் வலமும், ஒரு சின்னத் திருகல். நடக்கிற குதிரையின் முதுகு, மேலே இருப்பவரின் இடுப்பை ஏறக்குறைய இப்படித்தான் அசைக்கிறதாம். நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி. ஆக, காலால் நடக்காத பிள்ளையின் இடுப்பு 10 நிமிடத்தில் ஆயிரம் காலடி நடக்கிறது. குதிரையின் உடம்பும் எங்கள் உடம்பைவிட ஒரு பாகை சூடு. இதையே ஒரு சிகிச்சையாக முறையாகச் செய்கிற இடங்களில் பல நேரம் சேணம்கூடப் போடாமல் கம்பளிதான் விரிப்பார்கள், அந்தச் சூடும் அசைவும் நேராகப் படட்டும் என்று. முன்னால் ஒருவர், இரண்டு பக்கமும் இருவர், எல்லாவற்றையும் பார்க்க ஒரு பிசியோ. பார்க்கப்போனால் நாங்கள் ஆட்களைச் சரியாக நிறுத்தியிருந்தோம், மற்றதெல்லாம் பிழை!

அன்று இரவு போனில் தேடினேன். என்னத்தைத் தேடியிருப்பேன், குதிரை ஏறி எந்தப் பிள்ளை நடந்தது என்றுதான். அகப்பட்டவர் லிஸ் ஹார்டெல் என்ற டென்மார்க் பெண். 1944இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம், 1956இல் திரும்பவும் வெள்ளி. ஆனால் குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்குக் கடைசிவரை ஆள் வேண்டியிருந்தது. அந்த வரியை நாலைந்து தரம் வாசித்தேன்.

மட்டக்களப்பில் குதிரைக்கு எங்கே போவது? "எங்கட வயல்ல எரும நிக்கிது, ஏத்துவமா?" என்று மச்சான் கேட்டார். பகிடிக்கில்லை, உண்மையாகத்தான் கேட்டார். எருமைக்குப் பயந்துதான் பரல் யோசனை வந்தது. மிஸ்ஸும் ஓம் என்றா.

பரலைச் சோடித்து ஒரு கிழமைக்குப் பிறகு, 2003இல் அமெரிக்காவில் செய்த ஆய்வொன்று கண்ணில் பட்டது. மூளைவாதமுள்ள 15 பிள்ளைகள். பாதிப்பேர் குதிரையில் 8 நிமிடம், மற்றவர்கள் அதே 8 நிமிடம் பரலில். ஆம், பரலில்! குதிரையில் இருந்தவர்களுக்கு இரண்டு பக்கத் தசையும் சமமாக வேலை செய்வது கூடியிருந்தது. பரலில் இருந்தவர்களுக்கு இல்லை. எனக்கு வந்த சிரிப்பில் இவர் எழும்பிவிட்டார். மிஸ்ஸிடம் காட்டினேன். "காலை விரிச்சு வைக்கவும் நிமிர்ந்து இருக்கப் பழக்கவும் பரல் காணும். நடக்கிற அசைவு அதில வராது" என்றா. இப்போது மணல் பையைக் கொஞ்சம் விலக்கிவிட்டு இவர் பரலை ஆட்டுவார், நான் தொடையைப் பிடிப்பேன். எண்ணெய்ச் சண்டை நிற்கவில்லை, நேரம் மட்டும் குறைந்திருக்கிறது.

எக்ஸ்ரேக்கு அடுத்த மாதம் திகதி தந்திருக்கிறார்கள். இடுப்பு சரியென்றால் வருகிற சித்திரைக்கு நுவரெலியா. டவுனில் சைக்கிள் ஹெல்மெட் பார்த்தேன், குதிரைக்கு அது பத்தாதாம், வேறு தேட வேண்டும். அது தெரியுமுன்னமே மகனுக்கு ஒன்று வாங்கியாயிற்று. பரலில் ஏறும்போது போடுகிறான். சோறு தின்னும்போதும் கழற்ற விடுகிறானில்லை.