பார்க்கின்சன் நோயும் தாளமும்: என் நடைப் பயிற்சி அனுபவம்

நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பார்க்கின்சன் நோய் எனக்கு வலது கை நடுக்கமாகத் தொடங்கியது. அந்த நடுக்கம் பிறர் கண்ணை உறுத்திய அளவுக்கு என்னைத் தொல்லைப்படுத்தவில்லை; என்னை வீட்டுக்குள் முடக்கியது பின்னால் வந்த உறைதல்தான். வாசற்படியைக் கடக்கும்போதோ குளியலறையில் திரும்பும்போதோ பாதம் தரையில் ஒட்டிக்கொண்டுவிடும். மேலுடம்பு முன்னே சாயும், கால் மட்டும் வராது. "என்னங்க, காலை எடுத்து வையுங்க" என்று மனைவி பின்னாலிருந்து சொல்லச் சொல்ல, அது இன்னும் இறுகும்.

நரம்பியல் மருத்துவர் லெவோடோபா மாத்திரையை எழுதிக் கொடுத்து, புரதம் மிகுந்த உணவு அதன் உட்கிரகிப்பைத் தடுக்கக்கூடும் என்பதால் சாப்பாட்டுக்கு முன்பே போட்டுக்கொள்ளச் சொன்னார். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நடை ஓரளவு சீராகவே இருந்தது. ஆனாலும் உறைதல் முழுமையாக விலகாததால், அவரே என்னை ஓர் இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார். தாளத்தைக் கொண்டு நடையைப் பழக்கும் முறையை எனக்குச் சொன்னவர் அந்தப் பெண்மணி.

நடக்கும்போது அடுத்த அடியை எப்போது எடுத்து வைப்பது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மூளையின் ஆழத்தில் இருக்கும் அடித்தள முடிச்சுகள் அந்தக் கால ஒழுங்கைத் தாமாகவே பார்த்துக்கொள்கின்றன. இந்நோயில் டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருள் குறையும்போது அந்த உள்கணக்கு தடுமாறுகிறது. வெளியிலிருந்து சீரான ஓர் ஒலி கிடைத்தால், செவிவழி வரும் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, இயக்கத்துக்குரிய பிற பகுதிகள் காலை நடத்திவிடுகின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அமெரிக்காவின் கொலராடோவில் மைக்கேல் தாட் என்பவரும் அவருடைய குழுவினரும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மூன்று வாரம் வீட்டிலேயே இந்தப் பயிற்சியைக் கொடுத்து, நடை வேகமும் அடியின் நீளமும் கூடியதை 1996-இல் வெளியிட்டார்கள். இது நோயைத் தீர்க்கும் வழியன்று என்பதையும் இயன்முறை மருத்துவர் முதலிலேயே தெளிவாக்கிவிட்டார்.

முதல் வேலை அளவெடுப்பது; அது எனக்குப் பழகிய தொழிலாயிற்றே. இயல்பாக நடக்கவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறேன் என்று எண்ணினார்; 84 வந்தது. கைப்பேசியில், சீரான இடைவெளியில் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் செயலியை இறக்கி, முதலில் அதே எண்ணில் வைத்து நடக்கச் செய்தார். அது பழகிய பிறகு 88, பிறகு 92 என்று சிறிது சிறிதாக ஏற்றினோம். ஒரேயடியாக ஏற்றினால் அடி குறுகி, கால் ஓட்டமாகிவிடும். அதில் விழும் ஆபத்து அதிகம்.

மெட்ரோனோமின் 'டக் டக்' சில நாளில் சலித்துவிட்டதால் பாட்டுக்கு மாற அனுமதி கேட்டேன். இந்த இடத்தில்தான் நான் எதிர்பாராத சிக்கல் வந்தது. எனக்கு உயிரான ராகம் சஹானா. அதில் விளம்ப காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில் அமைந்த பாட்டொன்றை வைத்துக்கொண்டு நடந்தால், தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் ஸ்வரம் நீண்டு ஒலிக்கும் கார்வையில் மனம் கரைந்து, கால் நின்றே போயிற்று. "ஐயா, பாட்டை ரசிக்காதீங்க, தட்டை மட்டும் கேளுங்க" என்றார் இயன்முறை மருத்துவர். சஹானாவை ரசிக்காமல் கேட்பது எப்படி என்று அவர் சொல்லித் தரவில்லை!

கடைசியில் கைகொடுத்தவை முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். கமகம் என்னும் ஸ்வர அசைவு இல்லாமல் நேராகச் செல்லும் ஸ்வரங்கள் என்பதால், அடி வைக்க வேண்டிய இடம் காதுக்குத் துல்லியமாகக் கேட்கிறது. இவற்றிலும் மூன்று எண்ணிக்கையில் செல்பவற்றை ஒதுக்கிவிட்டேன். மூன்றில் நடந்தால், தாளச் சுற்றின் முதல் தட்டான சமம் ஒரு முறை வலது காலிலும் மறுமுறை இடது காலிலும் விழுந்து என்னைக் குழப்புகிறது. மிஸ்ர சாபு தாளத்தின் ஏழிலும் அதே தொல்லைதான். ஆதி தாளத்தின் எட்டில் அந்த வம்பு இல்லை. சமம் எப்போதும் ஒரே காலில் வந்து நிற்கும்.

உறைந்துவிட்ட காலை மீட்பதற்குப் பாட்டுக்காகக் காத்திருக்க முடியாது. அப்போது முன்னேற முயல்வதை முதலில் நிறுத்திவிட்டு நேராக நிற்க வேண்டும். உடல் எடையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றியபடி, இடது கையால் தொடையில் நான்கு தட்டி, அடுத்த சமத்தில் வலது காலைப் பெரிதாகத் தூக்கி வைக்க வேண்டும். பெரும்பாலும் கால் வந்துவிடுகிறது. வராதபோது மீண்டும் நான்கு தட்டுகிறேன். வலது கையால் தட்டினால், தட்டும்வரை அந்தக் கையின் நடுக்கமும் அடங்குகிறது. இந்நோயின் நடுக்கம் கை ஓய்ந்திருக்கும்போது மிகுவதே இதற்குக் காரணம் என்றார் மருத்துவர்.

பயிற்சியைத் தெருவில் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டால் பின்னால் வரும் வண்டியின் சத்தம் கேட்காது. வண்டிக்குப் பயந்து திடுக்கிட்டால் கால் உறையவும் கூடும். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரமாகப் பார்த்து, மகனையோ மனைவியையோ துணைக்கு வைத்துக்கொண்டு, மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடக்கிறேன்.

சஹானாவை நான் கைவிட்டுவிடவில்லை. இந்நோய் மனச்சோர்வையும் தூக்கக் கேட்டையும் கூடவே கொண்டுவருவதால், இரவில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, நடக்க வேண்டிய கடமை ஏதுமில்லாமல் அதைக் கேட்கிறேன். சில நாள் உரக்கப் பாடவும் செய்கிறேன். குரல் தாழ்ந்துபோவதும் இந்நோயின் இயல்பென்பதால், பாடுவதை இயன்முறை மருத்துவரும் ஊக்குவிக்கிறார். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றும் ஒவ்வொரு முறையும் நடையின் வேகம் மாறிவிடுகிறது. அப்போதெல்லாம் பாட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, மெட்ரோனோமில் புதிய எண்ணைக் கண்டுபிடித்த பிறகே நோட்டுஸ்வரத்துக்குத் திரும்புகிறேன்.