துபாயில் வேலையை விட்டேன்: கிராஜுவிட்டி பணம் கைக்கு வந்த விதம்

அல் கூஸில் ஒரு கம்பெனியில் 2016 ஜனவரியில் சேர்ந்தேன். 2024 ஜூன் கடைசியில் விலகினேன். விலகப் போகிறேன் என்று ஷார்ஜாவில் நாங்கள் தங்கியிருந்த அறையில் சொன்ன அன்றைக்கே எனக்கு எவ்வளவு கிராஜுவிட்டி (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) வரும் என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். ஒருவர் சொன்ன தொகை இன்னொருவர் சொன்னதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. “நீயா ரிசைன் பண்ணினா பாதிதான் கிடைக்கும், கம்பெனியே அனுப்பட்டும்னு பேசாம இரு” என்று ஒரு அண்ணன் அடித்துச் சொன்னார். இத்தனை வருட உழைப்புக்கு வரும் பணம் இது. அதன் கணக்கு அடுத்தவர் வாய்வழியாகத்தான் நமக்குத் தெரிய வேண்டுமா என்று எனக்கு உறுத்தியது. ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் கம்பெனி வேலைகளுக்கு இப்போது உள்ளது 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டம். 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 51-ஆவது பிரிவுதான் கிராஜுவிட்டி பற்றியது. விஷயம் சின்னது. தொடர்ந்து ஒரு வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம், அதாவது அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளம். ஐந்து தாண்டிய பிறகு ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள் பேசிக் சம்பளம். முழு வருடம் ஆகாமல் மிஞ்சும் மாதங்களுக்கு அந்த விகிதத்தில் பணம் உண்டு. கடைசியாக வாங்கிய பேசிக்கை வைத்துத்தான் மொத்தக் கணக்கும் போட வேண்டும். சேர்ந்தபோது இருந்த பேசிக் இதற்குள் வராது. எல்லாம் சேர்ந்து இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு மேல்வரம்பும் இருக்கிறது.

அந்த அண்ணன் சொன்ன ‘பாதி’ 1980-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலிருந்து வந்தது. காலவரையறை இல்லாத ஒப்பந்தத்தில் இருப்பவர் தானாக ராஜினாமா செய்தால், ஒன்று முதல் மூன்று வருடம் வரை மூன்றில் ஒரு பங்கு, மூன்று முதல் ஐந்து வருடம் வரை மூன்றில் இரண்டு பங்கு, அதற்கு மேல்தான் முழுத்தொகை என்று அதில் இருந்தது. புதுச் சட்டத்தில் அந்த வெட்டு இல்லை. ராஜினாமா செய்தாலும் முழுக் கணக்குதான். பழைய சட்டத்தில் பார்த்திருந்தாலும் எட்டு வருடம் முடித்த எனக்கு வெட்டு கிடையாது என்பது வேறு விஷயம். ஆனால் எங்கள் சைட்டில் நான்கு வருடம் முடித்த ஒரு தம்பி, மூன்றில் இரண்டு பங்குதான் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தான். அவன் பேசிக் 1,500 திர்ஹம். ஒரு நாளுக்கு 50, வருடத்துக்கு 21 நாள் என்றால் 1,050, நான்கு வருடத்துக்கு 4,200. பழைய கணக்குப்படி 2,800 கொடுத்திருந்தால் வாய் பேசாமல் வாங்கிப் போயிருப்பான். 1,400 திர்ஹம் அவனுக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்.

எல்லாவற்றுக்கும் அடித்தளம் பேசிக். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வீட்டு வாடகை அலவன்ஸ், போக்குவரத்து அலவன்ஸ், சாப்பாடு, ஓவர்டைம் எதுவும் கிராஜுவிட்டிக் கணக்கில் சேராது. எனக்கு மாதம் கைக்கு வந்தது 6,500 திர்ஹம். அதில் பேசிக் 3,600 மட்டும். 6,500-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 44,000-க்கு மேல் வருகிறது. உண்மையில் எனக்கு வர வேண்டியது 24,600. இந்த வித்தியாசத்தைக் கடைசி நாளில் தெரிந்துகொண்டால் மனது உடைந்துவிடும். ஊரில் வீட்டுக் கடனுக்கும் தங்கை கல்யாணத்துக்கும் அந்தப் பெரிய தொகையை நம்பி வாக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது: ஆஃபர் லெட்டரில் மொத்தச் சம்பளத்தைப் பார்ப்பதுபோலவே பேசிக் எவ்வளவு என்று பாருங்கள். அலவன்ஸைக் கூட்டி பேசிக்கைக் குறைத்துப் போட்ட ஒப்பந்தத்தில், கிராஜுவிட்டி முதல் நாளிலேயே குறைந்துபோகிறது. இன்க்ரிமென்ட் வரும்போதும் பேசிக்கில் ஏற்றுகிறார்களா, அலவன்ஸில் ஏற்றுகிறார்களா என்று கேளுங்கள். எனக்கு ஒருமுறை அலவன்ஸில் ஏற்றப் பார்த்தார்கள். கேட்டபோது பாதியைப் பேசிக்குக்கு மாற்றினார்கள். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

சரி, 24,600 எப்படி வந்தது? 2016 ஜனவரி முதல் 2024 ஜூன் வரை எட்டரை வருடம். ஆனால் 2020-இல் கொரோனா நேரத்தில் கம்பெனி எங்களை இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பில் வைத்தது. சம்பளமில்லாமல் வேலைக்கு வராத நாட்கள் சேவைக் காலத்தில் சேராது என்று சட்டமே சொல்கிறது. அதனால் எட்டு வருடம் நான்கு மாதம். 3,600-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 120. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 2,520 வீதம் 12,600. அடுத்த மூன்று வருடத்துக்கு 3,600 வீதம் 10,800. மிஞ்சிய நான்கு மாதத்துக்கு 1,200. அவ்வளவுதான் கணக்கு. பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை போட்டுவிடும்.

ஒப்பந்தத்தில் நோட்டீஸ் ஒரு மாதம் என்று இருந்தது. சட்டப்படி அது 30 நாளுக்குக் குறையாமலும் 90 நாளைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். நோட்டீஸ் காலம் முழுக்க வேலை பார்த்தேன். பார்க்காமல் போனால் அந்த நாட்களுக்கான சம்பளத்தை நாம் கொடுக்க வேண்டி வரும், அதுவும் பேசிக் அல்ல, முழுச் சம்பளம். நோட்டீஸ் நாட்களும் சேவைக் காலத்தில் சேரும். ராஜினாமாவை வாயால் சொல்லாமல் மெயிலில் அனுப்பி, எச்.ஆரிடமிருந்து ‘பெற்றுக்கொண்டோம்’ என்று பதிலும் வாங்கி வைத்தேன். கடைசி நாள் எது என்ற தகராறு வந்தால் அந்த மெயில்தான் பேசும்.

கடைசி வாரத்தில் ஃபைனல் செட்டில்மென்ட் தாள் வந்தது. கிராஜுவிட்டி 20,160 என்று போட்டிருந்தார்கள். நான் எதிர்பார்த்ததைவிட 4,440 குறைவு. எங்கே போனது என்று பார்த்தேன். எட்டு வருடத்துக்கும் 21 நாள் கணக்கே போட்டிருந்தார்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு 30 நாள் என்பது விட்டுப்போயிருந்தது. அதில் 3,240 போச்சு. நான்கு மாதத்தைச் சேர்க்கவே இல்லை. அதில் 1,200. வேண்டுமென்றே செய்தார்களா, பழைய எக்செல் ஷீட்டை அப்படியே இழுத்துப் போட்டார்களா என்று நான் ஆராயவில்லை. கணக்கு தவறு, அவ்வளவுதான்.

நேரில் போய்ச் சத்தம் போடுவதால் ஒரு பயனும் இல்லை என்பது என் கருத்து. ஒரு மெயில் எழுதினேன். சேர்ந்த தேதி, கடைசி வேலை நாள், கழிக்க வேண்டிய சம்பளமில்லா விடுப்பு, கடைசி பேசிக், ஒவ்வொரு வரியின் பெருக்கல், கடைசியில் மொத்தம். கீழே 51-ஆவது பிரிவு என்று மட்டும் குறிப்பிட்டு, ‘உங்கள் கணக்கில் வித்தியாசம் இருக்கிறது, சரிபார்த்துத் திருத்திய தாளை அனுப்பவும்’ என்று முடித்தேன். இரண்டு மாத விடுப்பை நானே கழித்துக் காட்டியது உதவியது என்று நினைக்கிறேன். நமக்குப் பாதகமான விவரத்தையும் ஒளிக்காமல் வைத்தால் மற்ற வரிகளை எதிர்த்துப் பேச அவர்களுக்கு இடம் இருக்காது. அக்கவுண்ட்ஸிலிருந்து ஒருவர் போன் செய்து இரண்டு கேள்வி கேட்டார். அப்புறம் 24,600 என்று திருத்திய தாள் வந்தது.

அதே தாளில் லீவ் சாலரியும் இருக்கும். எடுக்காத வருடாந்திர விடுப்புக்கு வேலையை விடும்போது பணம் தர வேண்டும். அதுவும் பேசிக் கணக்கில்தான். எனக்கு 18 நாள் பாக்கி, 2,160 திர்ஹம். கடைசி மாதச் சம்பளம் மட்டும் அலவன்ஸோடு முழுசாக வரும். மூன்றும் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கொடுத்தால் எதில் குறைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இனி கையெழுத்து. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். வேலை ஒப்பந்தத்தை ரத்து செய்யும் லேபர் கேன்சலேஷன் பேப்பரில், எனக்கு வர வேண்டிய எல்லாப் பணமும் வந்துவிட்டது என்று ஒரு வரி இருக்கும். கம்பெனியின் அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ. அந்தப் பேப்பரோடு வந்து, “சைன் பண்ணுங்க, பணம் ரெண்டு நாள்ல வந்துடும்” என்பார். நல்ல மனுஷராகவே இருப்பார், அவருக்கு வேலை முடிய வேண்டும். நான், “பணம் அக்கவுண்ட்ல ஏறின உடனே நானே ஆபீஸுக்கு வந்து போடுறேன் சார், இல்லன்னா செக்கைக் கையில கொடுங்க, இப்பவே போடுறேன்” என்றேன். முகம் கொஞ்சம் மாறியது. இரண்டு நாளில் பணம் ஏறியது, அன்றைக்கே போய்க் கையெழுத்துப் போட்டேன். வாங்காத பணத்தை வாங்கியதாக எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் அமைச்சகத்தில் போய் நிற்பது கையைக் கட்டிக்கொண்டு நீந்துவது மாதிரி.

ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் சம்பளம், கிராஜுவிட்டி எல்லாவற்றையும் கம்பெனி கொடுத்துவிட வேண்டும் என்று 53-ஆவது பிரிவு சொல்கிறது. கொடுக்கவில்லை என்றால் மனிதவள அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். அமைச்சகத்தின் ஆப்பிலேயே செய்யலாம். எனக்குத் தேவைப்படவில்லை, அறையில் ஒருவருக்குத் தேவைப்பட்டது. அவருக்கு நான் சொன்ன விவரங்களை இங்கேயும் சொல்கிறேன். 2024 ஜனவரி முதல் 50,000 திர்ஹம் வரையிலான தகராறுகளில் அமைச்சகமே முடிவு சொல்லலாம், கோர்ட் தீர்ப்பைப் போலவே அதை நிறைவேற்றலாம். நம்மைப் போன்றவர்களின் கிராஜுவிட்டி பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். கோர்ட்டுக்குப் போனாலும் 1,00,000 திர்ஹம் வரையிலான கோரிக்கைக்குத் தொழிலாளி கோர்ட் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. கேட்பதற்கான காலக்கெடு முன்பு ஒரு வருடமாக இருந்தது, 2024-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடம். வழக்கு என்றாலே பயந்து ஊருக்கு விமானம் ஏறிவிடுகிறோம். அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. துபாயின் டி.ஐ.எஃப்.சி. என்ற சர்வதேச நிதி மையப் பகுதியில் 2020 பிப்ரவரியிலிருந்து தனி முறை: கம்பெனி மாதாமாதம் பேசிக்கில் 5.83 சதவீதமும், ஐந்து வருடத்துக்குப் பிறகு 8.33 சதவீதமும் ஒரு சேமிப்பு நிதியில் போட வேண்டும். வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தனிச் சட்டம். சவூதி அரேபியாவில் இருக்கும் மச்சான் சொல்வதை இங்கே பொருத்திப் பார்க்கவே வேண்டாம். அங்கே முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதம், பிறகு ஒரு மாதம். அலவன்ஸும் சேர்ந்த கடைசிச் சம்பளத்தில் கணக்கு. ஆனால் ராஜினாமா செய்தால் இரண்டு வருடம் ஆகும்வரை ஒன்றும் இல்லை, ஐந்து வரை மூன்றில் ஒரு பங்கு, பத்து வரை மூன்றில் இரண்டு பங்கு. எங்கள் அறையில் பாதிக் குழப்பம் இந்த இரண்டு நாட்டுக் கணக்கும் கலந்ததால் வந்தது.

பணம் அக்கவுண்டில் ஏறியதும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. பேங்கில் லோனோ கிரெடிட் கார்டோ இருந்தால், கடைசி செட்டில்மென்ட் பணம் வந்ததும் பேங்க் அதை எடுக்க முடியாதபடி ஹோல்டில் வைக்கக்கூடும். எனக்குக் கார் லோன் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மீதி எவ்வளவு என்று லயபிலிட்டி லெட்டர் வாங்கி, அந்தப் பணத்திலேயே அடைத்து, கடன் முடிந்தது என்ற கிளியரன்ஸ் லெட்டர் வந்த பிறகுதான் மீதியை விடுவித்தார்கள். ஊருக்குப் போகும் டிக்கெட்டைப் போடும்முன் இதற்கும் சில நாட்கள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டை மூடியதற்கும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அனுபவச் சான்றிதழ். கேட்டால் கம்பெனி இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, கடைசிச் சம்பளம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஊருக்குப் போன பிறகு மெயில் அனுப்பிக் கேட்டால் பதில் வருமா என்பது யாருக்கும் தெரியாது, கையெழுத்துப் போடும் அன்றே கையோடு வாங்கிவிடுங்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். சீல் வைத்திருக்கிறதா, பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துகளோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.