கல்லடிக் குசினியில் ஓர் இரும்படுப்பு

2023 பெப்ரவரி 12

மத்தியானம் மட்டக்களப்பு, கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு மச்சானின் லொறியில் அடுப்பு வந்து இறங்கியது. நுவரெலியாவில் ஒரு பழைய பங்களாவின் குசினியை இடித்தபோது பழைய இரும்பு விலைக்கு வாங்கி, மரக்கறி மூட்டைகளோடு ஏற்றி வந்திருக்கிறார். இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. மேலே இரண்டு வட்ட மூடிகள், முன்னால் விறகுக் கதவு, அதன் கீழே சாம்பல் தட்டு, பக்கத்தில் இரண்டு இறாத்தல் பாண் சுடும் அளவுக்கு ஒரு சிறிய போறணை.

அம்மா கிட்டே வந்து விரல் கணுவால் தட்டித் தட்டிப் பார்த்தார். சந்தையில் சட்டி முட்டி வாங்கும்போது தட்டுகிற அதே தட்டு. "எல்லாப் பக்கமும் கணீரென்கிறது. இந்த மூலை மட்டும் செத்த சத்தம், பிள்ளை" என்றார். துடைத்துப் பார்த்தால் அங்கே மயிரிழை போல ஒரு வெடிப்பு. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கரிமம் இருக்கிறது. அது வளைந்து கொடுக்காது, உடைந்துவிடும். மண்சட்டியின் குணம்தான் இதற்கும். வெல்டிங் கடைக்குக் கொண்டு போனால் வெடிப்பு நீளக்கூடும் என்று, சூடு தாங்கும் சீமெந்து பூசிக் கவனித்துக்கொள்ள முடிவு செய்தோம்.

ஏன் இந்த வேலை என்று அயலவர்கள் கேட்கிறார்கள். 2021 முடிவில் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் நாடெங்கும் வந்தன; 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்றும் கிடைக்கவில்லை. மூன்று கல் அடுப்புக்குத் திரும்பினோம். சோறு வெந்தது, அம்மாவின் பழைய மூச்சுமுட்டு வருத்தமும் கூடவே திரும்பியது. வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதை வாசித்த நாளிலிருந்து அம்மாவின் இருமல் எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது.

பெப்ரவரி 19

மலைநாட்டுக் குளிருக்கு இதமாக இருந்த இரும்பு, இங்கே சித்திரை வெயிலில் ஆளை அவித்துவிடும். ஆகவே இடம் புறக்குசினிதான்: மூன்று பக்கம் கல் சுவர், ஒரு பக்கம் திறந்த வெளி, சீமெந்துத் தரை. பலகைத் தட்டு, கிடுகுத் தாழ்வாரம், விறகுக் குவியல் எதுவும் அடுப்புக்கு 3 அடிக்குள் இருக்கக் கூடாது என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். கிடுகைக் கழற்றும்போது அம்மாவுக்கு மனமில்லை. புகை பட்டால் கிடுகு உளுக்காது என்பது அவர் கட்சி. உண்மைதான். ஆனால் அந்தப் புகையைக் குடித்தது கிடுகு மட்டுமா?

குழாய் போவதற்குக் கூரையின் அஸ்பெஸ்டஸ் சீற்றில் துளை வெட்ட மாமா கிரைண்டரை எடுத்துவிட்டார். நான் குறுக்கே நின்றேன். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சீற்றை வெட்டாமல் முழுதாகக் கழற்றி, அந்த இடத்தில் துத்தநாகத் தகரம் போட்டோம். பழைய அடுப்புக் கதவின் இடுக்கை அடைக்கச் சுற்றியிருந்த சாம்பல் நிறக் கயிற்றிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம் என்று நனைத்து, முகக்கவசம் போட்டு எடுத்து, இரட்டைப் பையில் கட்டினேன். புதிய கண்ணாடி இழைக் கயிறு கொழும்பிலிருந்து வர வேண்டும்.

மார்ச் 5

இன்று புகைபோக்கி ஏறியது. அடுப்பை விட இதற்குத்தான் அதிகம் செலவழித்தேன், அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அடுப்பில் புகை வெளியேறும் வாய் 6 அங்குலம்; குழாயும் அதே 6 அங்குலம், உச்சி வரை குறையாமல். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும். 10 அடிக்குள் இருக்கும் கூரை முகட்டை விட 2 அடி மேலே நிற்க வேண்டும். வீட்டு முகடு பக்கத்திலேயே இருப்பதால் மாமா நினைத்ததை விட இரண்டு துண்டு கூடுதலாக வாங்கினோம். வளைவு ஒன்றுகூட இல்லை.

குழாய்த் துண்டுகளைப் பொருத்துவதில் ஒரு வாக்குவாதம். மழைநீர் உள்ளே போகாமல் மேல் துண்டு கீழ்த் துண்டுக்கு மேலே தொப்பி போல உட்கார வேண்டும் என்றார் மாமா. அடுப்புக் குழாயில் அது மாறி வரும். ஒடுங்கிய முனை அடுப்பைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் உள்ளே வழியும் கரும்பிசின் வெளியே கசியாமல் நெருப்புக்கே திரும்பும். மழைக்கு உச்சியில் ஒரு மூடி போதும். "நீ சொல்கிறபடியே செய்வோம், மகள். ஒழுகினால் என்னைக் கூப்பிடாதே" என்றபடி ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று திருகாணி போட்டுத் தந்தார். குழாயின் அடியில், துடைப்பதற்குத் திறக்கும் ஒரு வாயும் வைத்தோம்.

மார்ச் 11

மூன்று நாள், மூன்று சிறு நெருப்பு. முதல் நாள் சிரட்டைத் துண்டும் சுள்ளியும் மட்டும். உடனே பெரிய நெருப்புப் போட்டால் ஒரு பக்கம் விரிந்து, ஒரு பக்கம் குளிர்ந்திருந்து இரும்பு வெடிக்கும். பூசிய சீமெந்து காயவும் நேரம் வேண்டும். இன்றுதான் பானை ஏறியது. கொதித்த கஞ்சி மூடியில் வழிந்தபோது அம்மா பச்சைத் தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்துவிட்டார். நல்ல வேளை, எட்டிப் பிடித்தேன். சூடான இரும்பில் குளிர்ந்த தண்ணீர் விழவே கூடாது.

புகை கண்ணில் படவில்லை. அம்மா இரண்டு முறை வெளியே போய்க் குழாயின் உச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

ஏப்ரல் 2

விறகு. கடற்கரையில் கட்டைகள் ஒதுங்கிக் கிடக்கின்றன, காசில்லாமல் கிடைக்கிறது என்று பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு கட்டு கொண்டு வந்தான். நன்றி சொல்லி வேலியோரம் போட்டுவிட்டேன். உப்பு ஊறிய கட்டை எரிந்தால் இரும்பைத் தின்னும், புகையிலும் நஞ்சு கலக்கும். பெயின்ட் அடித்த பழைய கதவு, யன்னலுக்கும் இதே தீர்ப்பு. மிஞ்சுவது சவுக்கு, வேம்பு, தென்னை, வேலியில் கவ்வாத்து செய்த கிளிசரிடியா.

பச்சை விறகின் எடையில் பாதிக்கு மேல்கூடத் தண்ணீர் இருக்கும். 20 சதவீதத்துக்குக் கீழே காய்ந்தால்தான் அடுப்புக்கு ஆகும். அதை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. பிளந்த ஒரு கட்டையில் அடையாளம் போட்டுக் கடைத் தராசில் கிழமைக்கொரு முறை நிறுக்கிறேன். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. இரண்டு கட்டைகளை மோதினால் டக்கென்று கேட்க வேண்டும் என்பது அம்மாவின் சோதனை. அம்மாவுக்கு எல்லாமே காதால்தான்.

ஜூலை 16

கச்சான் காற்று. ஊரெல்லாம் சருகு. பக்கத்து வளவில் யாரோ கொட்டிய சாம்பலிலிருந்து தென்னோலைக் குவியல் பற்றிக்கொண்டது, ஓடிப்போய் அணைத்தோம். சாம்பலுக்குள் தணல் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். எங்கள் சாம்பல் மூடியுள்ள தகர வாளிக்குப் போகிறது, வாளி சீமெந்துத் தரையில் நிற்கிறது. நன்றாக ஆறிய பிறகுதான் தென்னைக்கும் பாத்திரம் துலக்கவும்.

செப்டெம்பர் 24

மழைக்கு முன் குழாயைத் துடைத்தேன். கம்பித் தூரிகையை அடிவாயிலிருந்து மேலே செலுத்தினால் போதும், சீற்றுக் கூரையில் ஏற வேண்டியதில்லை. பெரும்பாலும் காய்ந்த கரித்தூள். உச்சிக்குக் கிட்ட மட்டும் பளபளவென்று கறுப்புப் பிசின். கிரியோசோட் என்பது இதுதான். ஈர விறகை எரித்தாலும், காற்றை அடைத்துப் புகையவிட்டாலும் இது படியும். பற்றினால் குழாய்க்குள்ளேயே 1000 பாகை செல்சியசைத் தொடும் நெருப்பு. 3 மில்லிமீட்டர் படிந்தாலே துடைக்க வேண்டும். எங்களுடையது அதில் பாதிகூட இல்லை. மே மாதம் இரண்டு கிழமை அரைகுறையாகக் காய்ந்த வேம்பை எரித்தேன். அதன் கணக்கு இது.

கடற்காற்றுத் துருவுக்குக் கம்பித் தேய்ப்பு, அதன் மேல் காரீயப் பூச்சு. பென்சிலுக்குள் இருக்கும் அதே காரீயம், நம் நாட்டில் கேகாலை மாவட்டத்துப் போகலையில் தோண்டுவது. சட்டி வைக்கும் மேல்தட்டுக்குத் தேங்காயெண்ணெய் ஒரு பூச்சு.

நவம்பர் 3

வெள்ளிக்கிழமை. இதை எழுதக் கை இன்னும் நடுங்குகிறது. மழைச் சாரலுக்குத் திறந்த பக்கத்தில் தறப்பாள் கட்டியிருந்தோம். மாலையில் சாம்பிராணி போடத் தணல் வேண்டுமென்று அம்மா காற்றுத் துவாரத்தையும் குழாயின் தடுப்புத் தகட்டையும் முழுதாக மூடிவிட்டு அடுப்பின் பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் போனபோது "தலை இடிக்கிறது, பிள்ளை" என்றார். புகையே இல்லை. தணல் விடும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து, தறப்பாளை அறுத்தெறிந்தேன். ஒரு மணி நேரத்தில் தலையிடி விட்டது. ஆனாலும் வைத்தியரிடம் காட்டினோம்.

அம்மாவில் பிழை சொல்ல மாட்டேன். தகடு எதற்கு என்று காட்டித் தந்த நான், எப்போது மூடக் கூடாது என்று சொல்லவில்லை. நாளைக்கே மாமா அந்தத் தகட்டின் நடுவில் துளை போடுகிறார், இனி அது முழுதாக அடைபடாது.

நவம்பர் 23

1978 சூறாவளி அடித்த நாள். 45 வருடம். விழுந்த தென்னைகளை வெட்டி, ஈர மட்டையை ஊதி ஊதி எரித்துச் சமைத்ததை அம்மா இன்று மறுபடியும் சொன்னார். கண் எரிச்சலில் யார் அழுகிறார்கள் என்றே தெரியாதாம்.

வெளியே அடைமழை. கொட்டிலுக்குள் ஏப்ரலில் பிளந்த சவுக்கு டக்கென்று பேசுகிறது. போறணையில் பாண் வெந்துகொண்டிருக்கிறது. கதவோரம் மெல்லிய கரிக்கோடு ஒன்று தெரிகிறது. புதிய கயிறு தளர்ந்திருக்க வேண்டும். அடுப்பு ஆறியதும் கதவிடுக்கில் கடதாசித் துண்டு வைத்து இழுத்துப் பார்க்கப் போகிறேன். இலகுவாக வந்தால் கயிற்றை மாற்றுவேன்.