நான்கு குளம்பும் மண்ணை விடும் நொடி

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் ழெரிக்கோ 1821-இல் வரைந்த, இங்கிலாந்தின் எப்சம் டெர்பி குதிரைப் பந்தய ஓவியம் இருக்கிறது. குதிரைகளின் முன்னங்கால்கள் முன்னேயும் பின்னங்கால்கள் பின்னேயும் நீண்டிருக்க, எல்லாம் அந்தரத்தில் மிதக்கும். வேகம் கண்ணில் அறையும். ஆனால் எந்தக் குதிரையும் அப்படி ஓடாது.

1878 ஜூனில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் இதைப் படம்பிடித்தே காட்டிவிட்டார். ஓடுபாதை ஓரமாக 27 அங்குலத்துக்கு ஒன்றாக 12 கேமராக்கள். குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை அறுத்துக்கொண்டு ஓட ஓட, ஒவ்வொன்றாக ஷட்டர் விழுந்தது. சாலி கார்ட்னர் என்ற அந்தக் குதிரை அந்தரத்தில் இருந்தது நிஜம்தான். அப்போது நான்கு கால்களும் வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன!

நாலுகால் பாய்ச்சலில் முதலில் பின்னங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றும், அடுத்து முன்னங்கால்கள். கடைசி முன்னங்கால் மண்ணை விட்டதும்தான் அந்தரம். அந்தக் கடைசிக் கால் மட்டும் ஊன்றியிருக்கும்போது நாம் படமெடுத்தால் குதிரை குப்புற விழப்போவதுபோலத் தெரியும். ஆல்பத்தில் பார்க்கச் சகிக்காத படங்களில் பாதி இந்த ரகம். பந்தயக் குதிரை நொடிக்கு இரண்டு பாய்ச்சலுக்கு மேல் போகும். நொடிக்கு 5 படம் எடுக்கும் கேமராவில் பாய்ச்சலுக்கு இரண்டு படம்தான் தேறும். மடங்கிய கால் கிடைத்தால் அதிர்ஷ்டம். 15, 20 படம் எடுக்கும் கேமரா என்றால் கவலையில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் குதிரையைப் பக்கவாட்டில் 1/1000 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தால் அதற்குள் உடல் 1.7 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். முன்னோக்கி வீசும் குளம்பு அதைவிட வேகம். பிடரி தெளிவாக விழுந்தும் குளம்பு மட்டும் கலங்கியிருப்பது இதனால்தான். 1/2000 வையுங்கள்.

பின்னணியை வேண்டுமென்றே கலங்கடிக்க, 1/30 முதல் 1/60 வரை வைத்துக் குதிரையோடு கேமராவையும் திருப்பலாம். பாய்ச்சலில் தலை மேலும் கீழும் ஆடுவதால் கண் தெளிவாக விழுவது அபூர்வம். டிராட் எனும் மிதமான ஓட்ட நடையில் தலை அவ்வளவாக ஆடாது. அதில் பழகிவிட்டுப் பாய்ச்சலுக்கு வாருங்கள்.

நிற்கும் குதிரைக்கு வைட் லென்ஸ் வேண்டாம். கிட்டே போய் எடுத்தால் தலை அண்டாவாகி உடல் சூம்பிவிடும். 85 முதல் 200 மி.மீ. வரை எந்த லென்ஸும் சரி, கேமரா குதிரையின் நெஞ்சு உயரத்துக்கு இறங்கட்டும். கருங்குதிரை ஃப்ரேமை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை, அதாவது வெளிச்சம் பாதியாகும் வரை, குறையுங்கள். வெள்ளைக்கு நேர்மாறு.

கழுத்து கம்பீரமாக வளைய வேண்டுமென்று கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கச் சொல்பவர்கள் உண்டு. வண்டிக் குதிரையின் தலையை வார் போட்டுத் தூக்கிக் கட்டும் இதே ஜம்பத்தைத்தான் ஆனா சூவெல் 1877-இல் வந்த ‘பிளாக் பியூட்டி’யில் குதிரையின் வாயாலேயே சாடினார். இழுத்துப் பிடித்த குதிரை வாயைப் பிளக்கும், காதைப் பின்னால் மடக்கும். படத்தில் இரண்டும் அப்பட்டமாகத் தெரியும். கயிற்றைத் தளர்த்திவிட்டு, உதவியாளரைக் கேமராவுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, பிளாஸ்டிக் பையை ஒரே ஒரு தடவை மெதுவாகக் கசக்கச் சொல்லுங்கள். காது முன்னால் நிமிரும். இரண்டாம் தடவைக்குப் பல குதிரைகள் அசைந்துகொடுக்காது.