நாளுக்கு ஒரு நகர்வு

ஜூலை 14
விடுதிக்கு வந்து பத்து நாள். தினமும் இரவு எட்டரைக்கு அம்மாவின் அழைப்பு. சாப்பிட்டாயா? சாப்பிட்டேன். தூங்கினாயா? தூங்கினேன். நான்கு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடுகிறது. "இரு, தம்பியிடம் கொடுக்கிறேன்" என்பாள். அவன் "ம்" என்பான். நானும் "ம்". பதிமூன்று வருடம் ஒரே அறையில் சண்டை போட்டவர்கள் பேசுகிற பேச்சா இது?

ஜூலை 20
வீடியோ அழைப்பு. அம்மா போனைப் பிடித்த பிடியில் மின்விசிறிதான் முழுக்கத் தெரிந்தது. நடுநடுவே அப்பாவின் நெற்றி. ஒரு நொடி தம்பியும் தெரிந்தான், என் மேசையில், என் நாற்காலியில். பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஜூலை 23
சதுரங்கம் ஆடலாமா என்று கேட்டேன். ஆளுக்கொரு பலகை, நாளுக்கு ஒரு நகர்வு, குறுஞ்செய்தியில். அந்தக் காலத்தில் அஞ்சலட்டையில் நகர்வை எழுதிப் போட்டு மாதக்கணக்கில் ஆடியிருக்கிறார்கள். அவர்களுக்கென்று 1951-இல் தொடங்கிய சர்வதேசக் கூட்டமைப்பே இருக்கிறது. செயலியில் ஆடக் கூடாது என்பது என் நிபந்தனை. காயைக் கையால் நகர்த்த வேண்டும்.

ஆகஸ்ட் 9
நகர்வோடு வேறு சங்கதிகளும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. இன்று வந்தது: "குதிரை டி5. கணக்கில் 41. அம்மாவிடம் சொல்லாதே." கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான்.

ஆகஸ்ட் 17
என் பலகையில் இல்லாத சிப்பாயை வெட்டியதாக எழுதியிருந்தான். அரைமணி நேரம் வாதாடினோம். கடைசியில், தூசி தட்டும்போது அம்மா காய்களை எடுத்து, தன் கண்ணுக்கு அழகாகத் திருப்பி அடுக்கியிருக்கிறாள். ஆட்டத்தில் அவளுக்கும் ஒரு நகர்வு.

ஆகஸ்ட் 30
"யானை ஈ1. அப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள்." உடனே அழைத்தேன். "பரீட்சை நேரத்தில் உனக்கெதற்கு?" என்றாள் அம்மா. கத்திவிட்டு வைத்தேன். போன வாரம் மாடிப்படியில் விழுந்து முழங்கையில் தையல் போட்டதை நானும்தான் வீட்டில் சொல்லவில்லை. அது வேறு கதை என்று சொல்லிக்கொண்டேன், வேறு இல்லை.

செப்டம்பர் 3
அப்பாவுக்குத் தேவலை. தையலைப் பற்றிச் சொன்னேன். திட்டு பலம்.

செப்டம்பர் 12
ஆட்டம் தொடங்கியதிலிருந்து தம்பி போனுக்கு வருவதே இல்லை. எழுத்தே போதுமென்று நானும் இருந்துவிட்டேன். இன்று மாலை வீட்டு எண்ணுக்கு அழைத்தேன். "அப்பா, தலைவலி விட்டதா?" என்றேன்.

"நான்தான் அக்கா."

குரல் உடைந்திருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு, "கொஞ்ச நாளாக" என்றான், எரிச்சலோடு. பிறகு, "போனை எடுத்தாகிவிட்டது, வாயாலேயே சொல்லிவிடுகிறேன். ராணி எச்5, செக்."

சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல் என்றேன். கேட்டிருந்தது.