கடைசி இருட்டில் விளக்கைப் போடாதீர்கள்

அல்ஃபோன்சோ குவாரோனின் ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ (2006) கதை 2027-இல் நடக்கிறது. உலகத்தில் 18 வருடமாக ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. லண்டன் தெருவில் குண்டு வெடிக்கிறது, அகதிகளைக் கூண்டில் அடைக்கிறார்கள். “இதைப் பார்த்துட்டு மனசு கனத்துப் போய் வீட்டுக்குப் போகணுமா?” என்று கேட்பவர்கள் சேலத்திலும் உண்டு. திரை கட்டிப் படம் போடுகிற வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி படும். இந்தப் படத்தில் நம்பிக்கை பெரும்பாலும் வசனமாக வருவதில்லை. மங்கிய வெளிச்சத்திலும் சன்னமான சத்தத்திலும்தான் இருக்கிறது. அரங்கைச் சரியாகத் தயார் செய்யாவிட்டால் துப்பாக்கிச் சத்தம் முழுசாகப் போய்ச் சேரும், நம்பிக்கை மட்டும் வழியிலேயே தொலைந்துவிடும். மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோ இருந்த ஊரில் படம் பார்க்கத் தெரியாதவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. மக்கள் சோர்ந்து போய் எழுந்தால் முதலில் அரங்கைத்தான் சோதிக்க வேண்டும்.

முதலில் இருட்டு. 12 அடி அகலத் திரைக்கு 3,000 லூமன் (வெளிச்ச அளவு) புரொஜெக்டர் தாராளம். கல்யாண மண்டபத்தில் சன்னல் வெளிச்சம் உள்ளே வருகிறதென்று 5,000 லூமன் வாடகைக்கு எடுப்பது வீண் செலவு. புரொஜெக்டரால் கறுப்பை உண்டாக்க முடியாது. திரைமேல் வந்து விழும் வெளிச்சம் எவ்வளவோ, படத்தின் கறுப்பும் அந்த அளவுக்கு வெளுக்கும். அந்தப் பணத்துக்குக் கனத்த கறுப்புத் துணி வாங்கி, சன்னலுக்கு இரண்டு மடிப்பாகக் கட்டினால் பலன் அதிகம். கதவு இடுக்கையும் மறக்க வேண்டாம். அடுத்து, லேப்டாப்பும் புரொஜெக்டரும் எச்.டி.எம்.ஐ. வயரில் போகும் வண்ண வரம்பில் (கறுப்பு முதல் வெள்ளை வரை குறிக்கும் எண்களில்) ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். லேப்டாப் 0–255 அனுப்பி, புரொஜெக்டர் 16–235 என்று எடுத்துக்கொண்டால் நிழல் எல்லாம் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். தலைகீழாக இருந்தால் படம் முழுக்கச் சாம்பல் பூத்துவிடும். இதைச் சோதிக்க இந்தப் படத்திலேயே இடம் இருக்கிறது. கீ என்ற பெண்ணுக்கு இரவில், அகதி முகாமின் அழுக்கு அறையில் பிரசவம் ஆகும் காட்சியைப் போட்டு, கதாநாயகன் தியோவின் உருவம் பின்சுவரிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பிறந்த குழந்தையும் சரியாகத் தெரியாது.

சத்தத்தில்தான் நிறையத் தவறு நடக்கிறது. வசனம் நடு சேனலில் இருக்கும். 5.1 ஒலியை (ஆறு தனித்தனிச் சேனல்) அப்படியே அனுப்பிவிட்டு இடம், வலம் என இரண்டு ஸ்பீக்கர் மட்டும் வைத்தால் பேச்சு காணாமல் போய் வெடிச்சத்தம் மட்டும் மிஞ்சும். பிளேயரில் ஸ்டீரியோவாகக் குறுக்கிக் கொடுக்க வேண்டும். கைவிடப்பட்ட பள்ளிக்கூடத்தில் மருத்துவச்சி மிரியம் பேசும் காட்சிக்கு இது மிக அவசியம். பிரசவப் பதிவேட்டில் ஏழு மாதம் தள்ளிப் புரட்டிப் பார்த்தால் பக்கம் வெறுமையாக இருந்தது, ஒரு பெயர்கூட இல்லை என்று அவள் தாழ்ந்த குரலில் சொல்கிறாள். பார்வையாளர்களில் ஒரு செவிலியர் இருந்தாலும் போதும், அந்த வரி எவ்வளவு தூரம் போகும் என்று புரியும். அந்த வரி காதில் விழாதவர்களுக்குப் பிறகு வரும் குழந்தையின் அழுகைக்குப் பாதி எடைதான்.

மண்டபங்களில் டைல்ஸ் சுவர் எதிரொலிக்கும். பவானி ஜமக்காளம் விரித்து ஆட்களைத் தரையில் உட்கார வைத்து, பின்சுவரில் கனத்த திரைச்சீலை தொங்கவிட்டால் பெருமளவு அடங்கும். வால்யூமை முதலிலேயே வைத்துவிட வேண்டும். போர்க்காட்சி ஒன்று, அமைதியான பேச்சு ஒன்று, இரண்டையும் ஓட்டிப் பார்த்து ஓர் அளவில் நிறுத்தி, பிறகு தொடக் கூடாது. சண்டை உச்சத்தில் யாரோ காதைப் பொத்துகிறார்களென்று குறைத்தால், அடுத்து படிக்கட்டில் வரும் அழுகைச் சத்தம் போய்விடும்.

ஆம்ப்ளிஃபயர் பக்கம் இருப்பவரிடம் இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தொடக்கத்தில் குண்டு வெடித்ததும் ‘ங்ஙீ’ என்று ஓர் இரைச்சல் வரும். மைக் கூவுகிறதென்று நினைத்துக் குமிழைத் திருகிவிடுவார்கள். அது படத்தின் ஒலிதான். காதின் செல்கள் சாகும்போது கேட்கும் சத்தம் அது என்று பிறகு தியோவைப் பிரிந்த மனைவி ஜூலியன் அவனிடம் சொல்வாள். அதேபோல 6 நிமிடத்துக்கு மேல் நீளும் போர்க்காட்சியில் கேமரா லென்சில் ரத்தத்துளிகள் ஒட்டியிருக்கும். அதுவும் படத்தில் உள்ளதுதான். துணி எடுத்துக்கொண்டு புரொஜெக்டரைத் துடைக்க ஓட வேண்டாம்.

ஏற்காட்டில் சங்கதி கொஞ்சம் வேறு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். பல புரொஜெக்டர்களில் அந்த உயரத்திலிருந்து ‘ஹை ஆல்டிட்யூட்’ அமைப்பைப் போடச் சொல்லியிருப்பார்கள். காற்று மெலிந்திருப்பதால் ஃபேன் வேகமாகச் சுற்றினால்தான் சூடு தணியும். போடாமல் விட்டால் பாதிப் படத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைந்துவிடலாம். போட்டால் ஃபேன் இரையும், அதனால் கருவியை ஆட்களுக்கு நடுவில் வைக்காமல் பின்னால் உயரத்தில் வையுங்கள். குளிரில் கிடந்த கருவியை ஆட்கள் நிறைந்த கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தால் லென்சில் பனி பூக்கும். துடைத்தாலும் திரும்பப் படியும். அரை மணி நேரம் முன்பே உள்ளே வைத்துவிடுவது ஒன்றுதான் வழி. கரண்ட் போனாலும் நிற்காதபடி புரொஜெக்டர், லேப்டாப், ஆம்ப்ளிஃபயர் மூன்றும் யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். லாம்ப் வகைக் கருவி சூட்டோடு அணைந்தால் ஆறும்வரை சில நிமிடம் மறுபடி எரியாது, அந்த நீண்ட காட்சி அங்கேயே உடைந்துவிடும்.

தமிழ்த் துணைவரிக் (சப்டைட்டில்) கோப்பை யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் திரையில் கட்டம் கட்டமாக வரும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். முகாமில் கீக்கு உதவும் மரிச்கா பேசுவதற்கு மூலப் படத்திலேயே துணைவரி கிடையாது, நாமும் போடக் கூடாது. அவள் மொழி கீக்குப் புரியவில்லை. ஆனாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் போகிறாள். பார்ப்பவருக்கும் அதே புரியாமை வேண்டும்.

படிக்கட்டுக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. அழுகை கேட்டதும் சிப்பாய்கள் சுடுவதை நிறுத்துகிறார்கள், மக்கள் கையை நீட்டித் தொடப் பார்க்கிறார்கள், சிலர் மண்டியிடுகிறார்கள். தாயும் பிள்ளையும் தாண்டிப் போனதும் சண்டை மறுபடி தொடங்கிவிடுகிறது. இதைத்தான் பலர் அவநம்பிக்கை என்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு குழந்தை போரை முடித்துவைத்தது என்று காட்டியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். சுடுகிறவனுக்கும் அது குழந்தை என்று தெரிகிறது, துப்பாக்கியைத் தாழ்த்த முடிகிறது என்பதை மட்டும் படம் காட்டுகிறது. அவ்வளவு சின்னதாக இருப்பதால்தான் அதை நம்ப முடிகிறது.

படம் கறுப்புத் திரையில் செய்தி வாசிக்கும் குரலோடு தொடங்கி, கறுப்புத் திரையில் குழந்தைகளின் சிரிப்பொலியோடு முடிகிறது. மூடுபனியில் ‘டுமாரோ’ என்ற கப்பல் வந்ததும் முடிந்துவிட்டதென்று நினைத்து டியூப்லைட்டைப் போடுவது மண்டபத்துக்காரர்களின் வழக்கம். நாற்காலி இழுபடும், அந்தச் சிரிப்பு யாருக்கும் கேட்காது. சுவிட்ச் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, பெயர்ப்பட்டியலின் கடைசியில் ‘சாந்தி’ என்று மூன்று முறை வரும்வரை கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். டீயும் அதற்குப் பிறகுதான். படம் 109 நிமிடம். ஏற்காட்டில் போடுகிறீர்களென்றால் மாலை 5 மணிக்கே தொடங்கிவிடுங்கள். கீழே சேலம் இறங்க பஸ் பிடிக்க வேண்டியவர்கள் கடைசி ஐந்து நிமிடத்தில் எழுந்து போகாமல் இருப்பார்கள்.