கிளினிக் கொப்பியும் வெளித் துண்டும்

விடிய நாலரைக்கு அம்மாவோட கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்தா 37. பத்தரைக்கு டொக்டர் பார்த்தார், வடிவாத்தான் பார்த்தார். மருந்தெடுக்கப் போனா மூண்டில ஒண்டு இல்லை. "வெளியில வாங்குங்கோம்மா" எண்டு ஒரு துண்டு.

1951ல ஆஸ்பத்திரிக் கட்டணத்தை இல்லாமச் செய்த நாடு இலங்கை. எண்டாலும் மொத்த மருத்துவச் செலவில கிட்டத்தட்டப் பாதி சனத்தின்ர மடியில இருந்துதான் போகுது.

"அரசாங்கம் ஆஸ்பத்திரிக்குக் குடுக்கிற காசைக் கூட்டினாச் சரிதானே தம்பி" எண்டார் ஓட்டோக்கார அண்ணை. கூட்டத்தான் வேணும். ஆனா போதும் எண்டு ஒரு நாள் வருமெண்டு எனக்குத் தோணேல்ல. மலேரியா எண்டா வீடு வீடா மருந்தடிச்சு ஒழிச்சாச்சு. 2016ல உலக சுகாதார நிறுவனமே சொல்லிட்டுது. இப்ப சீனி, பிரஷர், கிட்னி. இதுகளை எங்க ஒழிக்கிறது? வைத்தியம் நல்லாக நல்லாக ஆக்கள் கனகாலம் இருக்கினம், கனகாலம் மருந்து குடிக்கினம். (அம்மா இதை வாசிக்க மாட்டா எண்ட துணிவிலதான் எழுதுறன்.)

உப்புவெளிக்கு வாற வழியில பாமசியில பத்து நாளைக்கு மட்டும் வாங்கினன். மிச்சம் சம்பளம் வந்தாப் பிறகு.